மலையை வெட்டியவன் பெயர்

டிசம்பர் 11, 1983, ஞாயிறு

என் மகள் நொயெமிக்கு இன்று பதினெட்டு நாள். மாமியார் ஃபெர்னாந்த் ஞானஸ்நானச் சட்டையோடு வந்தார். ஓரத்தில் நீல நூலால் பெயர் தைத்தாயிற்று: மரி ஃபெர்னாந்த் நொயெமி த்ரான்ஷ்மொந்தான். மரி எல்லாப் பெண்ணுக்கும் உண்டு. ஃபெர்னாந்த், ஞானத்தாய் அவர் என்பதால். சரி. என் குடும்பப் பெயர் திவியர்ஜ் எங்கே?

“உன் பேரு உன்னோட. அதை ஏன் பிள்ளை தலையில கட்டற?”

அப்பா, அம்மா இரண்டு பேரின் குடும்பப் பெயரும் வைக்கலாம் என்று சட்டம் வந்து இரண்டு வருடமாகிறது என்றேன்.

“கெபெக் நகரத்துல வந்திருக்கும். என் வாசல்படி ஏறலையே.”

டிசம்பர் 12

ரெஜான் வாயே திறக்கவில்லை. புருஷனா, கோட்டு மாட்டும் ஆணியா?

டிசம்பர் 18

மாமனார் அதெலார் வீட்டில் பன்றிக்கால் குழம்பு. எனக்கு இறங்கவில்லை. எல்லார் முன்னாலும் அவர் ஆரம்பித்தார்.

“த்ரான்ஷ்மொந்தான்னா மலையை வெட்டறவன். ராஜாவோட பட்டாளம் எங்க பாட்டனுக்கு வெச்ச பேரும்மா இது. இருநூறு வருஷமா ஆம்பளை கையிலேர்ந்து ஆம்பளை கைக்குப் போவுது. ஒரே ஒரு தடவ பொம்பள வழியா வந்துதுன்னு காட்டு, நான் வாயை மூடிக்கறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். ரெஜானும்.

பால் கொடுக்கிற சாக்கில் அறைக்குள் போய் அழுதேன். குழந்தை மூச்சு விடுகிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். காட்டுகிறேன் கிழவா.

டிசம்பர் 21

நூலகத்தில் பழைய கோவில் பங்கு ஏடுகளின் படச்சுருள்: ஞானஸ்நானம், கல்யாணம், சாவு. ஆண் எல்லாம் ஜோசப், பெண் எல்லாம் மரி. தலை சுற்றுகிறது.

டிசம்பர் 28

ஒரு வாரமாக நான் துரத்திய ஜோசப் பிறந்து ஆறாம் நாள் இறந்துவிட்டானாம். அடுத்த வருடம் பிறந்த தம்பிக்கும் அதே பெயர். ஆறு நாள் — படச்சுருள் இயந்திரத்தை அணைக்காமல் வீட்டுக்கு ஓடினேன். தூங்குகிற குழந்தையை எழுப்பிவிட்டேன். எனக்குப் பைத்தியமா?

டிசம்பர் 30

கிடைத்தது!

அந்தப் பட்டாளத்துக்காரனுக்கு ஒரே ஒரு மகள், மரி-லூயிஸ். அவளைக் கட்டியவன் ஜோசப் காரோன், நிலமில்லாதவன். மாமனார் பண்ணைக்கே குடிவந்தான். அந்த மண்ணில் இருப்பவனை ஊர் அந்த மண்ணின் பெயரால்தானே கூப்பிடும்? பிள்ளைகள் ஏட்டில் ‘காரோன் என்கிற த்ரான்ஷ்மொந்தான்’. பேரன்கள் காலத்தில் காரோன் உதிர்ந்துவிட்டது.

ஜனவரி 1, 1984

வருஷப் பிறப்பு வழக்கப்படி, மூத்த மகன் என்று ரெஜான் அப்பாவிடம் ஆசீர்வாதம் கேட்டு முட்டி போட்டான். நாங்களும். அதெலார் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். ஆமென் சொல்லி எழுந்ததும் அந்த ஏட்டின் நகலை அவர் கையில் கொடுத்தேன்.

இரண்டு முறை படித்தார்.

“எங்க பாட்டன்... வீட்டோட மாப்பிள்ளையா?”

ஃபெர்னாந்த் குபீரென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“நீ சிரிக்காத!” பிறகு என் பக்கம் திரும்பி, “வருஷப் பொறப்பும் அதுவுமா வெஷத்தைக் கொண்டாந்திருக்கா.”

எங்களுக்குச் சாப்பாடு வைக்கவில்லை. வீட்டில் ரொட்டி தின்றோம். வருத்தமே இல்லை. இருக்க வேண்டுமா?

ஜனவரி 8

ஞானஸ்நானம். கோவிலில் பாதிரியார் குழந்தையின் குடும்பப் பெயர் கேட்டார். நான் வாய் திறக்குமுன் ரெஜான் சொன்னான்: “திவியர்ஜ்-த்ரான்ஷ்மொந்தான்.” குரல் கிறீச்சிட்டது. ஆனாலும் சொன்னான்.

ஞானத்தந்தை மாமனார்தான். அவர் கையெழுத்து: ஜோசப் அதெலார் காரோன்.

“என்ன அதெலார் இது?” பாதிரியார் பதறினார்.

“பொம்பள பேரை நான் சுமக்க மாட்டேன் சாமி.”

ஜனவரி 15

மாமனார் வீட்டுப் பக்கம் காரில் போனோம். கிழவர் பனியில் நின்று தபால் பெட்டியிலிருந்து பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் நிமிரவில்லை.

சாயங்காலம் ஃபெர்னாந்த் போன் செய்தார்.

“நாப்பத்திரண்டு வருஷம் அந்தாளு பேரைச் சுமந்தேன். இப்ப அது அவர் பேரே இல்லையாம். நான் பொறந்தது பெரூபே. ஃபெர்னாந்த் பெரூபே. அந்த நூலகம் எத்தனை மணிக்குத் தொறக்கறான்?”

“ஒன்பதுக்கு, அத்தை.”

“வாசல்ல நில்லு. பேச்சுக் குடுக்காத. உம்மேல கோவம் அப்படியேதான் இருக்கு.”