குங்குமத்தை இழுத்துக்கொண்ட இஞ்சின்

அக்கா,

இன்று காலை உன் காரின் பானெட்டைத் திறந்தபோது ஒரு பொட்டில் மட்டும் குங்குமம் இல்லை. நேற்று ஆயுத பூஜைக்கு அப்பா இஞ்சின் முழுக்கச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் தொட்டிருந்தார். பேட்டரி, ரேடியேட்டர், ஏர் ஃபில்டர் மூடி என எல்லாவற்றிலும் சிவப்பு அப்படியே இருந்தது. கார்புரேட்டருக்குக் கீழே, காற்றையும் பெட்ரோலையும் உள்ளே அனுப்பும் மேனிஃபோல்டு குழாய் இஞ்சினோடு சேரும் விளிம்பில் இருந்த பொட்டு மட்டும் வெறும் சந்தனமாக வெளுத்துக் கிடந்தது.

போன வருஷம் ஆடியில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, அந்த வருஷம் பட்டறையில் பூஜை இல்லை. உன் கார் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. இந்த ஆவணியில்தான் அப்பா அதை விலக்கினார். நீ தினமும் வம்பிழுப்பாயே, நம் பட்டறை மெக்கானிக் ராசு மாமா. அவர்தான் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, மேனிஃபோல்டுக்கு இடுக்கை அடைக்கும் புதுப் பேக்கிங் தாள் வாங்கிப் போட்டு மாட்டினார். வண்டி கிளம்பியது. ஆனால் ஸ்லோவில் நிற்கவில்லை. பெரியநாயக்கன்பாளையம் சிக்னலில் நின்றால் அணைந்துபோகிறது. பிரேக் மிதித்தால் கல்லை மிதிப்பது போலிருக்கிறது என்று அப்பா பயந்துபோனார்.

நேற்று எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றி நிறுத்திய கையோடு முடிவு செய்துவிட்டார்கள்.

"ராசு, நாளைக்கு விஜயதசமி. நல்ல நாளு. அந்தக் கேம் ஷாஃப்டைக் கழட்டிப்போட்டு, பழைய கம்பெனிக் கேமையே மாட்டிப்போடலாம்."

"அதாங்கண்ணா சரி. ரேஸ் கேம் போட்டா வேக்கம் கொறையத்தான் செய்யும், பிரேக்குக்கும் இஞ்சினோட அந்த இழுப்புத்தானுங்களே. பாப்பா ஆசைக்குப் பண்ணுச்சு. ரோட்டுக்கு அது ஆவாதுங்க."

நான் பொரித் தட்டோடு நின்றிருந்தேன். நீ இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பாய். மண் தடத்துக் கார்ப் பந்தயத்தில் ஓட்டவேண்டும் என்று நீ தேடித் தேடி வாங்கிய கேம் அது. வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். ஓட்டத்தில் பிய்த்துக்கொண்டு போகும், நிற்கும்போது கொஞ்சம் குதிக்கும். இந்த இஞ்சினில் உன் அடையாளமாக மிச்சமிருப்பது அது ஒன்றுதான் என்றிருந்தேன். அதையும் தப்பென்று சொல்லிக் கழற்றி மூலையில் போடப்போகிறார்கள். என் வாயில் பொரிதான் இருந்தது, பேச்சு இல்லை.

பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதற்கு அழுதுவிட்டு வந்து, அப்புறம் பள்ளிக்கூடமே போகாமல் நின்றுகொண்டவள் நான். வீட்டில் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். நீ மட்டும் ஸ்பேனர் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாய். நீ வெளியே போயிருக்கும்போது ஃபோனில் கேட்பாய்: "வண்டி எப்படிக் கத்துது? கத்திக் காட்டு." நான் வாயாலேயே இஞ்சின் சத்தம் போட்டுக் காட்டுவேன். அந்தப் பக்கம் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். "ஊருக்கு முன்னால வாய் தொறக்க மாட்டா, இஞ்சினாட்டம் கத்தச் சொன்னா நாலு சிலிண்டரும் கத்துவா!"

அந்தக் கேமை மாட்டி முதன்முதலாகக் கிளப்பிய அன்று நீ ஒன்று சொன்னாய். "இது குதிக்கும்டி. ஆனா மேளம் மாதிரி ஒரு தாளத்துல குதிக்கும். தாளம் போச்சுன்னா கேமைத் திட்டாதே, எங்கியோ காத்து இழுக்குது." பிறகு டேஷ்போர்டில் நீயே பொருத்திய வேக்கம் மீட்டரின் முள் நடுங்கிக்கொண்டிருந்த இடத்தில், கண்ணாடி மேல் உன் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாய். "இதான் இவளோட நாடி."

குங்குமம் இல்லாத பொட்டைப் பார்த்தபடி இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றேன். காற்று இழுக்கும் இடம்தானே குங்குமத்தையும் இழுத்திருக்கும். ராசு மாமா ஸ்பேனர்களைச் சாக்கில் பரப்பிக்கொண்டிருந்தார். நான் போய், கதவுக்கு வெளியே நின்றபடியே வண்டியைக் கிளப்பினேன். முள் உன் புள்ளியைத் தொடவேயில்லை. வெகு கீழே கிடந்து ஆடியது.

"அப்பா, கேமைக் கழட்ட வேண்டாமுங்க" என்றேன். இஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். எனக்கே கேட்கும் அளவுக்கு உரக்க.

"ஏங்கண்ணு?"

வண்டியை அணைத்துவிட்டு, வாயாலேயே போட்டுக் காட்டினேன். முதலில் நீ கட்டியபோது இருந்த சத்தம். பிறகு இப்போதைய சத்தம், நடுவில் வரும் சீறலோடு.

ராசு மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட சாமி, வண்டியே தேவையில்ல, இவளையே ஓட்டிக்கிட்டுப் போயிரலாம் போலிருக்குது!"

அப்பா சிரிக்கவில்லை. "இன்னொருக்கா போடு" என்றார். போட்டேன். "அந்த மொதச் சத்தந்தான் ராசு. பெரியவ இருந்தப்போ அப்படித்தான் கத்துச்சு."

துணி தேய்க்கும்போது தண்ணீர் அடிக்கிற புட்டியை எடுத்து வந்தேன். வண்டியைக் கிளப்பி, அப்பாவை மீட்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, குங்குமம் காணாமல் போன விளிம்பில் அடித்தேன். தண்ணீர் உள்ளே இழுபட்டு இடுக்கை அடைத்தது. சீறல் நின்றது. இஞ்சின் ஒரு மூச்சு நேரம் தாளத்துக்கு வந்தது.

"ஏறுது! முள்ளு ஏறுது கண்ணு!" அப்பா உள்ளிருந்து கத்தினார்.

தண்ணீர் வற்றியதும் மறுபடி இறங்கியது.

மேனிஃபோல்டைக் கழற்றியதும் காரணம் பளிச்சென்று தெரிந்தது. ஊர் நோம்பித் திருவிழா லீவு முழுக்க நீ உட்கார்ந்து மேனிஃபோல்டின் துளைகளை அரத்தால் ராவி அகட்டினாயே, கை முழுக்க அலுமினியத் தூளோடு சோறு தின்றாயே, அதை எல்லோரும் மறந்துவிட்டோம். கடைப் பேக்கிங் கம்பெனித் துளைக்கு வெட்டியது. துளையைச் சுற்றிக் காற்றை அடைக்கவேண்டிய அதன் வரம்பு, நீ அகட்டிய இடத்தில் எதன் மேலும் உட்காராமல் அந்தரத்தில் நின்றது.

"முன்ன இருந்த பேக்கிங்கைப் பாப்பா கையாலயே வெட்டிப் போட்டிருந்துச்சு. நாந்தான் பழசுன்னு கிழிச்சுப் போட்டுட்டு உக்கடத்துல போயி புதுசு வாங்கியாந்தேன்" என்று ராசு மாமா தலையைச் சொறிந்தார். "கேமைப் போயி குத்தஞ் சொன்னனே கண்ணு."

நீ வெட்டுவது போலவே வெட்டினேன். பேக்கிங் தாளை மேனிஃபோல்டு மேல் வைத்து, விளிம்போரமாகச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் தாள் தானாக அறுபடும். அவசரப்பட்டால் கிழியும். ஒன்று கிழிந்தது. இன்னொன்று வெட்டினேன். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ராசு மாமா உதவிக்குக் கை நீட்டியபோது, "நானே பண்ணிக்கிறேனுங்க மாமா" என்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

கிளப்பியதும் வண்டி குதித்தது, அக்கா. தாளத்தோடு. முள் எழும்பி வந்து உன் புள்ளியில் நின்று நடுங்கியது. அப்பா பிரேக்கை மிதித்துப் பார்த்தார். மெத்தென்று இறங்கியது. அவர் வெகு நேரம் காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு இறங்கி, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொண்டார். எனக்கு லைசென்ஸ் வந்து மாதங்களாகிவிட்டன. இந்த வண்டியை ஓட்ட மட்டும் அவர் இதுவரை விட்டதில்லை. "ஒண்ணைப் பறிகொடுத்தது போதும்" என்பார்.

"ஏறு அம்மணி. சிக்னல் வரைக்கும் போயி, நிக்குதான்னு பாத்துட்டு வரலாம்."

ஏறினேன். கால் எட்டவில்லை. அப்பாவும் நீயும் ஒரே உயரம் என்பதால், நீ வைத்த இடத்திலிருந்து அந்த இருக்கையை இதுவரை யாரும் நகர்த்தியிருக்கவில்லை.

குனிந்து கம்பியைத் தூக்கி, இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.