உன் கம்பெனி வண்டியை நான் வாங்கவில்லை

கோத்தகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஸ்ரீமதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இந்தக் குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறோம், நீயும் அந்தக் குஜராத் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டாயா தூங்கினாயா என்று ஆரம்பித்துவிடுகிறாள், அப்புறம் உனக்கு ஷிப்ட் வந்துவிடுகிறது. இது முழுசாகச் சொல்ல வேண்டிய சமாச்சாரம், அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

புது வண்டி வந்துவிட்டது கண்ணு. நீ எது வேண்டாம் என்றாயோ அதை வாங்கவில்லை, நீ சொன்ன ஜப்பான் கம்பெனி ஏழு சீட் வண்டியைத்தான் எடுத்தேன். கோபமெல்லாம் போய்விட்டது. அன்றைக்குப் பாதியில் போனை வைத்தேனே, அதற்கப்புறம் நாலு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா உன்னிடம் கோள் சொல்லியிருப்பாள். உண்மைதான். பழைய வண்டி இனிமேல் மலை ஏறாது, சீசனுக்குள் மாற்றியாக வேண்டும், இந்த வயதில் நான் வாங்குவது இதுதான் கடைசி, நான் ஸ்டீயரிங்கை விடும்வரை அதுதான் எங்கள் இருவருக்கும் சோறு போட வேண்டும். ஆனால் நீ நம் நாட்டுக் கார் கம்பெனியில் கதவுகளைச் சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசை, உன் கம்பெனி வண்டியைக் கொண்டுவந்து டாக்ஸி ஸ்டாண்டில் நிறுத்தி, இந்தக் கதவு என் மகள் பார்த்து அனுப்பியது என்று சொல்ல வேண்டும். வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லியும் தொலைத்துவிட்டேன்.

நம் ஸ்டாண்டைத்தான் உனக்குத் தெரியுமே. யார் புது வண்டி கொண்டுவந்தாலும் ஆளுக்கு ஒரு தடவை கதவைச் சாத்திக் காதால் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்வார்கள். அதிலும் நம் தெரு மாரிச்சாமி பெரிய நீதிபதி. நம்ம நாட்டுக் கம்பெனி வண்டி தகரமுங்ண்ணா, வெளிநாட்டுக்காரன் வண்டிதான் இரும்பு, ஆனா ஸ்பேரு கப்பல்லதான் வரோணும் என்பான். நானும் இருபது வருஷமாக அதற்குத் தலையாட்டியவன்தான். நீ போனில் என்ன சொன்னாய்? கதவுச் சத்தமெல்லாம் ரப்பரும் பஞ்சும் வைத்து நாங்களே செட் பண்றதுங்கப்பா, அதைக் கேட்டு வண்டி வாங்காதீங்க என்றாய். எங்க வண்டிதான் இப்போது கனமான வண்டி, அந்த ஜப்பான் கம்பெனி வண்டி பக்கத்து மாநிலத்தில்தான் தயாராகிறது, அதற்குப் பாதி சாமான் ஓசூரிலிருந்து போகிறது, பேரைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியாதுங்கப்பா என்றாய். எனக்கு ஒரே சந்தோஷம், பிறகென்ன, உன் வண்டியையே எடுத்துவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள், உங்க வேலைக்கு எங்க வண்டி பத்தாதுங்கப்பா என்று சொல்லிவிட்டாயே. அஞ்சு பேர் போகிற வண்டி, ரிப்பேர் என்றால் கோயம்புத்தூருக்கு இறக்க வேண்டும், அந்த ஜப்பான்காரர்களுடைய ஒர்க்‌ஷாப் குன்னூரிலேயே இருக்கிறது, சீசனில் ரெண்டு நாள் வண்டி நின்றால் உங்க ட்ரிப்பை யார் ஓட்டுவார்கள் என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. அப்பன் ஆசையாக வாங்குகிறேன் என்கிறேன், இவள் கணக்குப் பேசுகிறாளே என்று நினைத்துவிட்டேன்.

உன் பேச்சைப் பொய்யாக்க வேண்டும் என்றே அம்மாவையும் கூட்டிக்கொண்டு உன் கம்பெனியின் மேட்டுப்பாளையம் ஷோரூமுக்குப் போனேன், அங்கே விற்பனை மட்டும்தான். டூரிஸ்ட் குடும்பம் கொண்டுவருகிற மாதிரி நம் வீட்டுப் பெட்டிகள் எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தேன், ஷோரூம்காரர்கள் நாங்கள் ஊரைவிட்டே போகிறோமோ என்று பார்த்தார்கள். வண்டியை ஓட்டிப் பார்க்க வாங்கி, கோத்தகிரி ரோட்டில் நல்ல மேடாகப் பார்த்து நிறுத்தி எடுத்தேன். அடேங்கப்பா, உன் வண்டி ஒரு அங்குலம் பின்னால் வரவில்லை கண்ணு! கதவைத் தடவிப் பார்த்தேன், என் பிள்ளை கை பட்டது என்று அந்த ஷோரூம்காரரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் பெட்டியை வைத்தால் ஆளுக்கு இடமில்லை, ஆளை ஏற்றினால் பெட்டிக்கு இடமில்லை. மடியில் ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்த உன் அம்மா, ஏனுங்க, புள்ள சொன்னாக் கேக்க மாட்டீங்க, பொட்டி சொன்னாத்தான் கேப்பீங்களா என்றாள். அப்போதே வண்டியைத் திருப்பிக்கொண்டுபோய் ஷோரூமில் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

புது வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியதும் எல்லோரும் வழக்கம்போலக் கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மாரிச்சாமி, என்னுங்ண்ணா, மக கம்பெனியத் தலைல தூக்கி வெச்சு ஆடுனீங்க, கடைசில நீங்களே நம்பலையா என்று சிரித்தான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் நம்பாமல் இல்லையடா, என் மகள்தான் வேண்டாம் என்று சொன்னாள் என்று நீ பேசியதை ஒன்று விடாமல் சொன்னேன். அவர்கள் இன்னும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன், ஒவ்வொருவராகத் தங்கள் வண்டிக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் கண்ணாடியில் பனியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், மாரிச்சாமி வந்து நின்றான். அவன் மருமகள் ராஜகுமாரி ஊட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ், தினமும் இங்கிருந்து அவளே ஓட்டிப் போக ஒரு சின்ன வண்டி பார்க்கிறார்கள், வெளிநாட்டுக் கம்பெனி தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் இவன். அண்ணா, கம்பெனி சம்பளம் வாங்கற புள்ள பெத்த அப்பன்கிட்டயே எங்க வண்டி உங்களுக்குச் சரிப்படாதுன்னு சொல்லுதுன்னா, அந்தப் புள்ள கோணக் கதவ வெளிய உடுமுங்களா என்று கேட்டான். ராஜகுமாரிக்கு எது ஆகும்னு ஸ்ரீமதிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க, அது சொல்றதையே எடுத்துக்கறேன் என்றான். உன் வண்டியை நிறுத்தி நானாகச் சொல்லிக்கொள்ள நினைத்த பெருமை எங்கே, அந்த வாயிலிருந்து இது வந்தது எங்கே.

மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம்போல, வீட்டுக்குப் பின்னால் காட்டுமாடு வந்து முட்டைக்கோஸைத் தின்றுவிட்டுப் போனது, அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. ராகி மாவு பார்சல் போட்டிருக்கிறோம், டப்பாவில் வண்டு விழ விடாதே. தண்ணீர் நிறையக் குடி.

வருகிற லீவு நாளில் மறக்காமல் மாரிச்சாமிக்குப் போன் பண்ணு. உன் கம்பெனியாயிற்றே என்றும் பார்க்காதே, அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றும் பார்க்காதே. சரிப்பட்டால் சரி என்று சொல், இல்லையென்றால் எனக்குச் சொன்ன மாதிரியே நேராகச் சொல்லிவிடு. ஒரு வீட்டுப் பெண் தினமும் பனிக்குள் ஓட்டிப் போய்த் திரும்பி வர வேண்டிய வண்டி, உன் வார்த்தைக்காக நிற்கிறது. நீ எந்தக் குறையும் இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் சாமி.

இப்படிக்கு,
உன் அப்பா ராஜசேகர்
(ஸ்டாண்டில் இப்போதெல்லாம் ஸ்ரீமதி அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்)