வெள்ளிக்கிழமை வரை எடுக்கக் கூடாத ஊசி

போன வாரம் நம் மகள் என்னை ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். முழங்கால் வலிக்கு அக்குபஞ்சர் நல்லது என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் காலைத் துடைத்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்கு உங்கள் ஞாபகம்தான். வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லுக்கு எதிர் மாடியில், மஞ்சள் தண்ணீர் ஊற்றி நிறுத்தின கிடா மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்களே, அந்த முகம். "பயமா இருக்கா பாட்டி?" என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறேன் என்று மகளுக்குப் புரியவில்லை. அவள் பிறப்பதற்கு முந்திய சங்கதி அது. அவளிடம் நான் சொன்னதுமில்லை. அதனால் உங்களிடமே பேசுகிறேன் மாமா.

எனக்குத் தாலி கட்டுவதற்கு முன்பே பீடிக்குத் தாலி கட்டியவர் நீங்கள். கண் விழித்ததும் ஒன்று, ஏர் பூட்டுவதற்கு முன் ஒன்று, வரப்பில் உட்கார்ந்தால் ஒன்று, யாரையாவது திட்டி முடித்தால் ஒன்று. வாயில் புகை இருக்கும்வரை நீங்கள் தங்கமான மனிதர். அதை நான் எங்கேயும் மறுத்துப் பேசியதில்லை. உத்திரமேரூர் போனால் பூ வாங்காமல் திரும்ப மாட்டீர்கள். பீடிக் கட்டு தீர்ந்து, கடையும் சாத்தியிருந்தால்தான் நம் வீட்டில் சட்டி பானை பறக்கும். மானாம்பதிப் பக்கத்து ஊர்களில் உங்கள் கையைப் பற்றித் தெரியாத ஆள் கிடையாது. ஏரித் தண்ணீர்த் தகராறில் ஒருவன் தாடையை ஒரே குத்தில் திருப்பிவிட்டவர் என்று பெருமையாகவே சொல்வார்கள். அந்தக் கையோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது எப்படி என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

இருமலில் ரத்தம் வந்த வருஷம் டாக்டர் உங்கள் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பீடியை விடாவிட்டால் அடுத்த அறுப்பைப் பார்க்க மாட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றே விட்டீர்கள். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தீர்கள். அடுத்த நாள், உழவில் கால் பின்னிய வெள்ளைக் காளையைத் தார்க்குச்சியால் அடித்த அடியில் அதன் இடது கண் போய்விட்டது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துணியால் துடைத்துக்கொண்டே இன்னொரு கையால் பீடி பற்றவைத்தீர்கள்.

இரண்டாம் தடவை விட்டபோது மாடு தப்பித்தது, நான் மாட்டினேன். கஞ்சி ஆறிப்போயிருந்தது, அவ்வளவுதான் குற்றம். கிணற்றடியில் கிடந்த கயிறு உங்கள் கைக்கு வந்தது. ஈரக் கயிறு முதுகில் எப்படி விழும் என்று பட்டவளுக்குத்தான் தெரியும். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் கழற்றினேன், தோலும் கூடவே வந்தது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதீர்கள். அழுதுகொண்டே பீடி குடித்தீர்கள். "நான் இன்னா செய்யட்டும், சொல்லு. அது உள்ள பூந்து பிறாண்டுது" என்றீர்கள்.

எனக்கு அப்போது விளங்கிய கணக்கு ஒன்றுதான். நீங்கள் பீடியை விட்டால் என் முதுகு போகும், விடாவிட்டால் உங்கள் நெஞ்சு போகும். ஒளிக்காமல் சொல்கிறேன், குப்புறப் படுத்துக்கிடந்த அந்த நாட்களில் உங்கள் நெஞ்சே போகட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அதற்காக இன்றுவரை எந்தச் சாமியிடமும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் உங்கள் சிநேகிதர்தான் வாலாஜாபாத் டாக்டரைப் பற்றிச் சொன்னார். மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவராம். மருந்து மாத்திரை கிடையாது, ஊசியாலேயே வலியை எடுக்கிறாராம், குடி, பீடி எல்லாம்கூட விட்டுப்போகிறதாம். "மருந்து இல்லாத ஊசியா? அது இன்னா ஊசி?" என்று நீங்கள் நக்கலடித்தீர்கள். ஆனாலும் வந்தீர்கள். மூன்றாம் முறை விட்டால் கை யார் மேல் விழும் என்று உங்களுக்கும் பயம் இருந்தது. நீங்கள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

டாக்டர் உங்கள் காதுமடலில் மயிர் போன்ற ஊசிகளைக் குத்தி அரைமணி நேரம் உட்காரவைத்தார். அவற்றை எடுத்துவிட்டு, காதுக் குழிக்குள் எள்ளளவு ஆணி ஒன்றை அழுத்தி அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினார். "பீடி நெனப்பு வந்தா இத கட்டை விரலால அழுத்துங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் எடுக்கக் கூடாது. அன்னிக்கு வாங்க, மாத்தி வைக்கிறேன்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "கோவம் வந்தா டாக்டரு?"

"யாருக்கும்மா?"

"இவருக்குத்தான்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்பவும் அழுத்தட்டும்" என்றார்.

பஸ்ஸில் ஏறியதும் பிடித்துக்கொண்டீர்கள். "அந்தாளு கிட்ட இன்னாத்துக்கு வூட்டு மானத்த வாங்கின?" என்று கை ஓங்கிவிட்டீர்கள். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஓங்கிய கை பாதியில் நின்று, போக இடம் தெரியாமல், நேராகக் காதுக்குப் போயிற்று. கட்டை விரலைக் காதுக்குள் திணித்துக்கொண்டு மாகறல் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். எனக்கு உலகமே புதிதாகப் பட்டது. இறங்கும்போது உங்கள் காது மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

ஆனால் பக்கத்து வாசலில் உங்கள் பங்காளி இருந்தாரே. பெரியப்பா மகன். வரப்புத் தகராறில் அவரோடு பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காயிற்று. அவரும் பீடிக்காரர்தான். காலையில் அவர் வாசலில் குந்திப் பற்றவைத்தால் புகை நேராக நம் வாசலுக்கு வரும். அந்த வாசனை வந்ததும் உங்களுக்கு உடம்பெல்லாம் முறுக்கும். அவர் வீட்டுப் பக்கமே வெறித்துப் பார்த்துக்கொண்டு, காதை அழுத்திக்கொண்டு, பீடியைக் கெட்ட வார்த்தையில் முணுமுணுப்பீர்கள். எனக்குத் தெரியும், நீங்கள் திட்டியது பீடியை. அங்கிருந்து பார்த்தவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அந்த வாரம் அவர் வீட்டுக் கறவை மாடு வயிறு உப்பிச் செத்துப்போனது. அவர் புள்ளலூரில் குறி கேட்கப் போனார். குறிசொல்லி, உன் ரத்தத்துக்காரனே இரும்பு வைத்துச் செய்வினை செய்திருக்கிறான், அந்த இரும்பை உடம்பிலேயே மறைத்து வைத்திருக்கிறான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். இதற்குமேல் என்ன வேண்டும்?

வியாழக்கிழமை காலை நீங்கள் வீட்டுக்கு எதிரே களத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் வீட்டு வாசலில் கேழ்வரகு இடித்துக்கொண்டிருந்தேன். பங்காளியும் அவருடைய மச்சான்கள் இரண்டு பேரும் மூங்கில் தடியோடு களத்தில் இறங்கினார்கள்.

"காதுல இன்னாடா வச்சிக்கினு கீற? எடுறா வெளியே!"

"பீடிய உடறதுக்கு டாக்டரு வச்ச ஆணி."

"பீடிய உட காதுல ஆணியா? யாருகிட்ட கத வுடற? என் மாட்டக் கொன்ன கையி, அடுத்து என் புள்ளைங்க மேல பாயும். எடுறா!"

"எடுக்க மாட்டேன். வெள்ளிக்கெயம வரிக்கும் எடுக்கக் கூடாது."

மாமா, வேறு எந்தக் கிழமையைச் சொல்லியிருந்தாலும் அன்று நீங்கள் தப்பித்திருக்கலாம். "வெள்ளிக்கெயமையா? கேட்டுக்கினீங்களா? நாளைக்கி நம்ம வூட்ல பொணம் வியுணும்னு வச்சிக்கினு கீறான்டா!" என்று பங்காளி அலறினார். முதல் தடி உங்கள் தலையில் இறங்கியது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நீங்கள் எழுந்தால் அந்த மூன்று பேரும் மூன்று மூலைக்குப் போய் விழுவார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் எழவில்லை. மண்வெட்டி கையெட்டும் தூரத்தில் கிடந்தது, அதைத் தொடவில்லை. இரண்டு கையாலும் அந்த ஒற்றைக் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டீர்கள். தலையை மறைக்கவில்லை, முகத்தை மறைக்கவில்லை. முதுகிலும் தோளிலும் தடி மாறி மாறி விழுந்தது. நெல் அடிக்கிற களத்தில் மனிதனை அடிக்கிற சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஒருவன் உங்கள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காதைப் பிடுங்கப் பார்த்தான். கழுத்தில் ரத்தம் இறங்கிச் செதுக்கின மண்ணில் சொட்டியது. "எடுக்கக் கூடாதுன்னாரு, எடுக்கக் கூடாதுன்னாரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

உலக்கையோடு நான் எப்படிக் களத்துக்கு வந்தேன் என்பது எனக்கு ஞாபகமில்லை. முதல் அடி பங்காளியின் வலது கைமேல் விழுந்தது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. தடி கீழே விழுந்தது, கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பித் தொங்கியது. அடுத்த அடி ஒரு மச்சானின் விலாவில். அவன் தவழ்ந்துகொண்டே ஓடினான், இன்னொருவன் தவழக்கூட நிற்கவில்லை. நான் திரும்பிப் பங்காளியின் மண்டைக்கு உலக்கையை ஓங்கினேன். அந்த மண்டை என் கண்ணுக்கு அவருடையதாகவே தெரியவில்லை. கிணற்றுக் கயிறும் ஊறவைத்த ரவிக்கையும் கண்ணில் நின்றன. என்னை அடித்ததற்கும் உங்களை அடித்ததற்கும் சேர்த்து அவர் தலையில் இறக்கப் போனேன். நல்லவேளை, நீங்கள் குந்தியபடியே உலக்கையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டீர்கள். "போதும்டி" என்றீர்கள். நீங்கள் பிடிக்காமல் இருந்திருந்தால் அந்த ஆள் அன்றே முடிந்திருப்பார்.

ஊரில் ஒரே டிராக்டர். அதன் டிரெய்லரில் உங்களையும் ஏற்றினார்கள், அவரையும் ஏற்றினார்கள். உத்திரமேரூர் ஆஸ்பத்திரி வரை மேடும் பள்ளமுமான ரோடு. குலுக்கலுக்குக் குலுக்கல் அவர் மாடு மாதிரி கத்தினார். பாதி வழியில், "தம்பி, ஜோபில பீடி கீது. ஒண்ணு எடுத்துக் குட்றா, வலி தாங்கல" என்று உங்களிடமே கேட்டார். கேட்கிற முகத்தைப் பார்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை உருட்டிக் கீழே தள்ளியிருப்பேன்.

நீங்கள் அவர் சட்டைப் பையில் கைவிட்டீர்கள். பீடியை எடுத்து அவர் உதட்டில் வைத்தீர்கள். காற்றில் குச்சி அணைந்து அணைந்து போயிற்று, வேட்டியால் மறைத்துக்கொண்டு பற்றவைத்தீர்கள். முறிந்த கையை அவர் மறு கையால் தாங்கிக்கொண்டிருந்ததால் நீங்களே பிடித்துக்கொண்டு, இழுக்கும்போது வாயில் வைத்து, சாம்பலைத் தட்டி, மறுபடி வைத்து, ஆஸ்பத்திரி வரும்வரை அவருக்குப் பீடி கொடுத்தீர்கள். புகை முழுக்க உங்கள் முகத்தில். ஒரு இழுப்பு இழுத்துவிடுவீர்களோ என்று உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். பற்றவைத்ததும் காதுக்குத் திரும்பிய மற்றக் கை அங்கிருந்து நகரவில்லை.

"சூனியம் இல்லன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார் அவர், புகையை விட்டபடி.

"சொன்னேனே. காதுல போட்டுக்கினியா நீ?" என்றீர்கள்.

பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். உலக்கையை நான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "அத்தக் கீய வெய்யி. பயமா கீது" என்றீர்கள். பங்காளி சிரிக்கப் பார்த்து வலியில் முனகினார். நீங்கள் சிரிக்கவில்லை.

வைக்கோல் போரிலிருந்து விழுந்துவிட்டோம் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னீர்கள். ஒரே போரிலிருந்தா என்று கம்பவுண்டர் கேட்டார், ஆமாம் என்றீர்கள். தலையில் தையல் போட்ட நர்ஸம்மா காதிலிருந்த ஆணியையும் இடுக்கியால் பிடுங்கி எறிந்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு ராத்திரி பாக்கி இருந்தது. நாளைக்கு வாலாஜாபாத் போய் வேறு வைத்துக்கொண்டு வரலாம் என்றேன். "வாணாம்" என்றீர்கள். அதற்குப்பிறகு நீங்கள் பீடியைத் தொடவில்லை. என்னையும் தொடவில்லை, அடிக்க.

ஊசியின் மகிமை என்று ஊர் பேசியது. பங்காளி பெண்டாட்டி ரகசியமாக வந்து டாக்டர் விலாசம் கேட்டாள், அவள் முதுகும் என் முதுகு மாதிரிதான். நானும் எல்லாரிடமும் ஊசி என்றே சொன்னேன். ஆனால் உங்கள் கையை நிறுத்தியது காதில் இருந்ததா, அன்று என் கையில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. உங்களைக் கேட்க எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஊசி என்று சொல்லிவிட்டால் எனக்கு ஆத்திரம் வரும், உலக்கை என்று சொல்லிவிட்டால் உங்களோடு எப்படிப் படுத்து எழுவது? இரண்டும் வேண்டாமென்று விட்டுவிட்டேன். எதுவானாலும் அடி விழாத முதுகோடு நான் கிழவியானேன். நீங்களும் நெஞ்சு நன்றாக இருந்து, பேரன் பேத்தி பார்த்துவிட்டுத்தான் போனீர்கள். உங்கள்மேல் எனக்கு ஆசை இருந்தது மாமா, கோபமும் இருந்தது. இப்போதும் இரண்டும் இருக்கின்றன.

ஒன்று உங்களுக்குத் தெரியும், நாம் பேசிக்கொண்டதில்லை. கடைசிக் காலத்தில்கூட, பக்கத்தில் உட்கார்ந்து கொசு அடிக்க நீங்கள் கை தூக்கினால் என் தோள் தானாகக் குறுகும். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் கையை மெல்லக் கீழே இறக்கிவிடுவீர்கள். கொசு உங்களை நிதானமாகக் கடித்துவிட்டுப் போகும். இப்போது கொசுவை நானேதான் அடிக்கிறேன். என் கைக்கே என் தோள் குறுகுகிறது.