அடுக்கு சரியும் இடம்

மார்ச் 4, செவ்வாய்

அண்ணன் எடுத்த படம் இன்று முடிந்துவிட்டது. நான்கு நிமிடம்தான். நான் வேலை செய்யும் பட்டன் கடையில், விடுமுறை நாளில், போனை ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்தான். நடித்தது நானும், ஒல்லியாக இருப்பதால் குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் அவனுடைய சிநேகிதனும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. கிழிந்த சட்டையோடு குச்சி வந்து ஒரு கறுப்பு பட்டன் கேட்கிறான். நான் டிராயரைத் திறந்து மூடுகிறேன். பக்கத்து டிராயர் தானாகத் திறக்கிறது. அதை மூடினால் மேலே இன்னொன்று. (டிராயர் அடுக்குக்குப் பின்னால் இருந்து அண்ணன் நூல் கட்டி இழுத்தான்.) கடைசியில் அடுக்கே சரிந்து பட்டன் எல்லாம் கொட்டுகிறது. குச்சி குனிந்து ஒன்றைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு, "இது வெள்ளைங்க" என்கிறான். அவ்வளவுதான்.

பதினைந்தாம் தேதி நூலக ஹாலில் குறும்பட நாள். அண்ணன் பெயர் கொடுத்துவிட்டான். ஊரே வருமாம். என்னோடு ஒன்பதாம் வகுப்பில் படித்தவர்களும் வருவார்கள்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 5, புதன்

அம்மா பார்த்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"மூஞ்சியப் பாரேன், மழையில நிக்கிற எருமை மாதிரி!"

"அதாம்மா வேணும். அவ நடிக்கவே இல்ல. அதுதான் காமெடி" என்றான் அண்ணன்.

நான் நடிக்கவில்லை என்றால் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? என்னையா?

மார்ச் 6, வியாழன்

கடைக்கார அக்காவுக்கும் காட்டினான். நான் படத்தைப் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுக்கு சரியும் இடத்தில் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

வகுப்பு ஞாபகம் வந்தது. பாடம் வாசிக்க எழுப்பினார்கள். குரல் வரவில்லை. முதலில் எல்லோரும் சும்மாதான் இருந்தார்கள். நான் வாயைத் திறந்து மூடியதும் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அப்புறம் போகாததே பழகிவிட்டது.

மார்ச் 8, சனி

சத்தத்தை நிறுத்திவிட்டுத் தனியாகப் பார்த்தேன்.

முதல் டிராயர் திறக்கும்போது யாரும் சிரிப்பதில்லை. இரண்டாவதற்கு லேசாக. மூன்றாவதற்குத்தான் சிரிப்பு வருகிறது. ஏன்? அது திறக்கப்போகிறது என்று பார்ப்பவர்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்ததாக முகத்தில் இல்லை.

எங்கள் கடையில் ஒவ்வொரு டிராயரின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பட்டனில் ஒன்றை மாதிரிக்குத் தைத்திருப்போம். மூடும்போது அதை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பேன், மாற்றிப் போட்டுவிடக் கூடாதே என்று. படத்திலும் தொடுகிறேன். டிராயர் விடாமல் திறந்துகொண்டே இருக்கிறது, நான் தொட்டுத் தொட்டு மூடுகிறேன். அதற்குச் சிரிக்கிறார்கள். குச்சி என்னென்னவோ முகம் காட்டுகிறான். நான் அவன் சட்டைத் துணியை மட்டுமே பார்க்கிறேன். கடையிலும் அப்படித்தான், யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அதற்கும் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். நான் என் வேலையைத்தான் செய்கிறேன்.

ஆனால் அடுக்கு சரியும் இடம் அப்படி இல்லை. அது சரியும் என்று அண்ணன் என்னிடம் சொல்லவே இல்லை. அவனே தள்ளிவிட்டான். நான் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொள்கிறேன். வாய் திறக்கிறது, மூடுகிறது. சத்தம் வரவில்லை.

அதே வாய்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணனிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

சொல்லிட்டேன். எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நான் தலையப் பொத்திக்கிற எடத்த எடுத்துடு."

"லூசா நீ? அதுக்குத்தான் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க."

"தெரியும். மத்த எடத்துல எல்லாம் டிராயரப் பாத்துச் சிரிக்கிறாங்க. அங்க மட்டும் என்னப் பாத்து."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல. அங்க நான் பயந்துட்டேன்."

தட்டைத் தள்ளி வைத்தான். "அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

மார்ச் 13, வியாழன்

அண்ணன் பேசவில்லை. குச்சி கடைக்கு ஜிப் வாங்க வந்தான்.

"தங்கச்சி, உங்கண்ணன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியறான். படத்தோட உசுரையே புடுங்கிட்டியாமே?"

நான் ஜிப்பை இழுத்துப் பார்த்துக் கொடுத்தேன்.

"போனாப் போவுது விடு. இனிமே படத்துல நான்தான் ஹீரோ."

மார்ச் 15, சனி

போகக் கூடாது என்று இருந்தேன். "நீ வராம நான் யார் பக்கத்துல உக்கார்றது?" என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள். கடைசி வரிசை. முன்னால் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர்.

மூன்றாவது டிராயருக்குச் சிரித்தார்கள். தொட்டுத் தொட்டு மூடும்போது இன்னும் சத்தமாக.

பிறகு அடுக்கு சாய்ந்தது. உடனே தரை. பட்டன்கள் உருண்டு போகின்றன, ஒன்று மட்டும் சுற்றிச் சுற்றி விழுகிறது. நான் இல்லை. வெட்டியிருந்தான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இது வெள்ளைங்க" என்றதற்கு அங்கங்கே கொஞ்சம் சிரிப்பு. பரிசு வேறு யாருக்கோ.

வாசலில் அந்த இரண்டு பேரில் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏய், நீதானா அது? இப்படி இப்படித் தொட்டு…" செய்து காட்டிச் சிரித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விரலைத்தான் நினைத்துச் சிரிக்கிறாள்.

மார்ச் 18, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. மத்தியானம் அண்ணன் வந்தான். அன்றைக்குப் பிறகு இன்றுதான் பேசினான்.

"இன்னொரு படம் யோசிச்சிருக்கேன். ஏணி ஒண்ணு வருது. நீ அதுல ஏற வேணாம். என்ன நடக்கப்போவுதுன்னு மொதல்லயே முழுசாச் சொல்லிடறேன்."

"சொல்லு" என்றேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து சொன்னான். நடுவில் ஒரு இடத்தில், அது வேண்டாம் என்றேன். சரி என்று அதை விட்டுவிட்டு மேலே சொன்னான்.