புளூட்டோவின் மேல் ஒட்டிய தாள்

நாக்பூர்,
செப்டம்பர் 2006

அத்தாவுக்கும் அம்மாவுக்கும் ஆசிப்பின் ஸலாம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

சிவகாசியிலிருந்து விற்கக் கொண்டுவந்த ஒன்பது கிரக சார்ட்டுகளைக் கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கோ கடைசியில் சுற்றும் பனி உருண்டையான புளூட்டோ இனிமேல் கிரகம் இல்லையாம். கம்பெனி சொன்னபடி அதன்மேல் கறுப்புத்தாள் ஒட்டுகிறோம். "அது பாட்டுக்கு அங்கனதாம்லே சுத்துது, நம்மதான் கணக்குல சேக்கல" என்று உடன் வேலை செய்யும் ஹக்கீம் அண்ணன் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கச்சி ருமானாவின் கல்யாணப் பத்திரிகை நேற்றுத்தான் வந்தது. அழைப்பவர்கள் வரிசையில் பெரியத்தா மருமகன் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் இல்லை. வர முடியாதவன் பெயர் எதற்கு என்று விட்டுவிட்டீர்களோ?

எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். கூடவே, என் பெயரை எழுதி ஒட்டிய பத்திரிகை ஒன்றும். ஒட்டுவது பெரிய வேலை இல்லை அத்தா, நான் நாளெல்லாம் அதைத்தான் செய்கிறேன்.

லோடு வண்டி வந்துவிட்டது.

இப்போதும் உங்கள் மகன்,
ஆசிப்