நாலாம் நம்பர் டிஸ்க்

ஏப்ரல் 6, திங்கள்
காலையில் சர்வர் அறையில் மஞ்சள் விளக்கு. ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்கள் எல்லாம் இருக்கும் பெட்டி. எட்டு டிஸ்க்கில் ஒன்று இழுத்துக்கொண்டு கிடக்கிறது. சீரியல் நம்பர் 719-இல் முடிகிறது என்று திரை சொல்கிறது, அது பெட்டியின் எந்தப் பொந்தில் இருக்கிறது என்று சொல்லாது. எட்டும் ஒரே அச்சு. நம்பர் உடம்பில் இருக்கிறது, உருவினால்தான் தெரியும்.

என் நோட்டில் 719 நாலாவது. பொந்திலும் 4 என்று ஸ்டிக்கர். "4 பழுது, மாற்ற வேண்டும்" என்று எழுதிக் கதவில் ஒட்டினேன்.

ஏப்ரல் 7
ஒரு சந்தேகத்துக்கு எல்லா டிஸ்க்குக்கும் வேலை கொடுத்துப் பார்த்தேன். நாலாம் பொந்தின் விளக்கு ஜோராக மினுங்குகிறது. ஐந்துதான் இருட்டு. விளக்கை மட்டும் நம்பவும் முடியாது, நல்ல டிஸ்க்கிலும் விளக்கு அவிந்து போகும்.

போன வருஷம் தூசி துடைக்க எட்டையும் கழற்றியது நான்தான். மேஜையில் வரிசையாக வைத்தேன். வரிசையாகத்தான் சொருகினேனா?

நாலும் ஐந்தும் ஜோடி. ஒரே படம் இரண்டிலும் இருக்கும். நல்லதை உருவினால் மிஞ்சுவது பழுதான டிஸ்க்தான். பெட்டியை அணைத்து, ஒவ்வொன்றாக உருவி, நம்பரை இரண்டு பேர் படித்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் போதும்.

"ஒரு டிஸ்க்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? ஞாயித்துக்கிழமை அணைச்சுக்கங்க" என்றார் மேலாளர்.
"அதுவரைக்கும் யாரும் கை வைக்க வேணாம் சார்."
"சரிம்மா, சரி."

ஏப்ரல் 8
படங்களுக்கு நகல் எடுக்கும் பேக்கப் நவம்பரோடு நின்றிருக்கிறது. பேக்கப் பெட்டி நிரம்பிவிட்டதாம். தினமும் "பார்த்தாயிற்று" என்று டிக் அடித்திருக்கிறேன், ஐந்து மாதம், ஒரு நாள் விடாமல். எதைப் பார்த்தேன்? புதுப் பெட்டி திங்கட்கிழமைதான் வரும்.

அண்ணியின் நுரையீரல் படம் ஜனவரியில் எடுத்தது.

ஏப்ரல் 9
நாளை அண்ணிக்கு அடுத்த ஸ்கேன். நான் லீவு. போன மாதம் வீடு மாற்றும்போது அண்ணி ஜனவரி ஃபிலிமைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை என்ன பண்றது?" என்று கேட்டார். "தூக்கிப் போடுங்க அண்ணி, எங்க கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு" என்றேன். எவ்வளவு தெனாவட்டு எனக்கு.

ஏப்ரல் 10, வெள்ளி
 ஸ்கேன் அறை வாசலில் இருந்தபோது மேலாளர் போன்.

"படம் திறக்கவே மாட்டேங்குதுன்னு டாக்டருங்க கத்தறாங்க. நானே மாத்திட்டேம்மா. கதவுலதான் நாலுன்னு தெளிவா எழுதியிருக்கே!"

சீட்டு. அதைக் கிழிக்கவில்லையே நான்! அடிப்பாவி, அதைக் கிழிக்கவில்லையே!

"பழைய டிஸ்க் எங்க சார்?"
"பட்டறைக்கு அனுப்பிட்டேன். கழட்டின அன்னைக்கே ஓட்டை போட்டு அழிக்கணும்னு நீங்க எழுதின ரூல்தானே?"

ஆமாம், நோயாளிகளின் படம் வெளியே போகக் கூடாது என்று நான் எழுதியதுதான். அண்ணியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஓடினேன். பட்டறைக்காரர் டிரில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். டிஸ்க்கில் மூன்று ஓட்டை, சிப்புகளின் நடுவில். நம்பர் மட்டும் முழுசாக இருந்தது. 722.

நல்லது அதுதான்.

சாகக் கிடக்கும் 719-இல் இருந்துதான் புது டிஸ்க்குக்குப் படங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. முப்பத்தொரு சதவீதம். தாங்கு, தாங்கு என்று அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 11
ஐம்பத்தெட்டில் நின்றுவிட்டது. தேறியதில் ஜனவரி இல்லை.

ஏப்ரல் 13, திங்கள்
டாக்டர் புது ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தார். "கட்டி ஒன்பது மில்லிமீட்டர். முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு பார்த்தாதான் வளருதான்னு சொல்ல முடியும். பழைய படம் எங்க?"

நான் வாயைத் திறக்கும் முன் அண்ணி சொல்லிவிட்டார்: "எல்லாம் இவகிட்ட பத்திரமா இருக்கு டாக்டர்." குரலில் அத்தனை பெருமை.

நடந்ததைச் சொன்னேன். சீட்டு, டிக், எல்லாவற்றையும். டாக்டர் ஃபிலிமைக் கவரில் போட்டு அண்ணியிடம் கொடுத்தார். பிறகு, இப்போது அறுப்பதா பொறுப்பதா என்று சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்து இன்னொரு படம் எடுப்போம் என்றார்.

அண்ணி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். படியிறங்கும்போது ஃபிலிம் கவரை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும். இதை நானே வெச்சுக்கறேன்" என்றார்.