பதிவான எண்

மார்ச் 3, திங்கள்

இன்று கத்தரிகள் அதிகம். ஆபரேஷன் அறையிலிருந்து வந்த தட்டுகளைக் கழுவி, துடைத்து, துணியில் பொதிந்து, டேப் ஒட்டி, நீராவிப் பெட்டிக்குள் அனுப்புவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. எங்கள் பிரிவுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் லாக்கரில் வைத்தால் வேலை முடிந்துதான் கையில் எடுக்கலாம். அதனால் நல்ல செய்தி, கெட்ட செய்தி எல்லாமே எனக்கு ஆறிப்போய்த்தான் வரும்.

இன்று வந்தது நல்ல செய்தி. டாக்சி முதலாளி என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாராம்: "இத்தனை வருஷமா நீதானே ஓட்டுற, நீயே வாங்கிக்க. மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் பேச மாட்டேன்."

அவர் அந்த டாக்சியை வண்டி என்று சொல்லவே மாட்டார். நம்பர்தான் அதற்குப் பெயர். "நாலு ஒண்ணு ஏழு ரெண்டுக்கு இன்னைக்கு இருமல்" என்பார். சக்களத்தி என்று நான் கேலி செய்வேன். முன்பணம் சேர்த்துவிட்டோம். மீதிக்கு வங்கியில் இருவர் பெயரிலும் மனு கொடுத்திருக்கிறோம். இன்று அவர் தானாகவே சீட்டு உறைகளைத் துவைத்துக் காயப்போட்டார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டை துவைத்ததில்லை.

மார்ச் 7, வெள்ளி

கடன் கிடையாதாம். காரணம் அவர் இல்லை, நான்.

"உங்க பேர்ல ஒரு கிரெடிட் கார்டு அஞ்சு மாசமா கட்டாம நிக்குது மேடம்" என்றாள் வங்கிப் பெண். என்னிடம் கார்டே இல்லையே என்று சத்தமாகவே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். திரும்பி வரும்போது பாதி வழியில்தான் நினைவு வந்தது. இருக்கிறது. தம்பியிடம் இருக்கிறது.

மார்ச் 8, சனி

நடந்ததை எனக்கே ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு வருஷம் முன்பு. தம்பி ஜூஸ் கடை போட்டான். பெரிய ஃபிரிட்ஜ் வேண்டும், கையில் காசில்லை. ஆஸ்பத்திரி வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரர்கள் ஊழியர் எல்லாருக்கும் கார்டு கொடுத்த சமயம் அது. என் கார்டை அவனிடம் கொடுத்தேன். "மாசா மாசம் நானே கட்டிடறேங்க்கா, நீ தலையிடவே வேணாம்" என்றான்.

ஆனால் கார்டில் வாங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ரகசிய எண் என் போனுக்கு வரும். போன் லாக்கரில் இருக்கும். நான் எடுத்துப் பார்க்கும்போது நேரம் கடந்து அந்த எண் செத்துப்போயிருக்கும். ஃபிரிட்ஜ் கடைக்காரர் முன்னால் இரண்டு முறை அவமானப்பட்டதாக வந்து நின்றான். "உன் நம்பருக்குப் பதிலா என் நம்பரைப் பதிஞ்சிடுக்கா. ஒரு கையெழுத்துதான்." பதிந்தேன். முகவரியும் அம்மா வீட்டு முகவரிதான், அவன் அங்கேதானே இருக்கிறான்.

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தால் கிண்ணத்தையாவது எட்டிப் பார்க்க வேண்டாமா? நான் பார்க்கவில்லை. தம்பி என்றால் பூனை இல்லையே.

மார்ச் 10, திங்கள்

கார்டு கம்பெனிக்கு போன் செய்ய அரை நாள் லீவு. பாட்டுப் போட்டு, பாட்டுப் போட்டு, கடைசியில் ஒருவன் வந்தான்.

"மேடம், பதிவான எண்ணிலிருந்து கூப்பிடுங்க."

"அது என் தம்பி நம்பருங்க. கார்டு என் பேருல."

"பாதுகாப்புக்காக, பதிவான எண்ணிலிருந்து வந்தாத்தான் விவரம் சொல்ல முடியும்."

"பாக்கி யாருங்க கட்டணும்?"

"நீங்கதான் மேடம்."

கட்டுவதற்கு நான் நான்தான். கேட்பதற்கு நான் யாரோ. வெட்கத்தை விட்டுச் சிரித்துவிட்டேன். அவன் என் அழைப்புக்கு நன்றி சொல்லி வைத்தான்.

மார்ச் 11, செவ்வாய்

தம்பியிடம் பேசினேன். "சின்னப் பாக்கிதாங்க்கா. கம்பெனிக்காரன் அப்படித்தான் பயமுறுத்துவான். அடுத்த வாரம் முடிச்சிடறேன். மாமாகிட்ட எதுவும் சொல்லிக்காத."

மாமா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். காலில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

நம்புகிறேன். அவன் பொய் சொன்னால் முதலில் சிரிப்பான், சின்ன வயதிலிருந்தே. நேற்று சிரிக்கவில்லை. இல்லை, இன்று. நாள்கூடக் குழம்புகிறது.

மார்ச் 14, வெள்ளி

அவமானம்.

வசூல் ஆள் வேலை இடத்துக்கே வந்துவிட்டான். கையுறையோடு வெளியே கூப்பிட்டார்கள். தாழ்வாரத்தில் சக்கர நாற்காலிகள், நோயாளிகள், எங்கள் தலைமை நர்ஸ், எல்லார் முன்னாலும் என் பெயரை முழுசாகச் சொல்லி, "ஊரான் பணத்தைத் தின்னுட்டு ஆஸ்பத்திரியில ஒளிஞ்சிக்கிட்டா விட்டுடுவோமா" என்றான். நான் கெஞ்சவில்லை. கெஞ்ச வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

தலைமை நர்ஸ் அவனை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார். போகும்போது அவன் திரும்பி, "நானா தேடி வரலம்மா. உங்கம்மாதான் இங்க வேலைன்னு சொல்லி வழி சொன்னாங்க" என்றான்.

உள்ளே போய் மறுபடி கையுறை மாட்டினேன். பொட்டலத்தில் ஒட்டுகிற டேப்பில் கோடுகள் இருக்கும். சூடு உள்ளே நன்றாக இறங்கினால்தான் கோடு கறுக்கும். அதைப் பார்த்துத்தான் இது சுத்தம், இது இல்லை என்று பிரித்து வைப்போம். வீட்டு மனிதர்களுக்கு அப்படி ஒன்றும் ஒட்டி வைப்பதில்லையே என்று நினைத்துக்கொண்டே சாயந்திரம் வரை வேலை பார்த்தேன்.

மார்ச் 15, சனி

அம்மா எப்படிச் சொல்லலாம்? எப்படிச் சொல்ல மனசு வந்துச்சு?

மார்ச் 16, ஞாயிறு

அம்மா வீட்டுக்குப் போனேன். அவர்தான் கொண்டுபோய் விட்டார், உள்ளே வரவில்லை. இந்த நாலு ஒண்ணு ஏழு ரெண்டில்தான் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனோம், கூட்டி வந்தோம், சொட்டு மருந்துக்காக மாசம் முழுக்க அலைந்தோம். தம்பியின் பழக்கூடைகளும் ஞாயிறு தவறாமல் இதில்தான் சந்தையிலிருந்து வரும். பின்சீட்டில் பழச்சாறு ஒழுகிய கறைக்கு முதலாளியிடம் திட்டு வாங்கியது இவர்.

"ஏம்மா என் வேலை இடத்தைச் சொன்ன?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பின்ன? உன் தம்பி கடை முன்னாடி வந்து கத்தறேங்கிறான். நாலு பேர் வந்து போற இடம். அவன் மானம் போயிடாதா?"

"என் மானம்?"

"உனக்கென்னடி, மாசச் சம்பளம். உன்னை யாரு வேலையை விட்டு அனுப்பப் போறா?"

ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு. தெரிந்த கதைதான். ஆனாலும் சுண்ணாம்பு கண்ணில் விழும்போது எரியத்தானே செய்கிறது. பில் வரும்போதெல்லாம் அம்மாதான் வாங்கி அவனிடம் கொடுத்திருக்கிறாள். அஞ்சு மாசமா எல்லாம் தெரியும். நான் போன மாதம் வந்து இதே இடத்தில் உட்கார்ந்து, வண்டி வாங்கப் போகிறோம் என்று சொன்னபோதும் தெரியும். நல்லா இருங்க என்று வாழ்த்தினாள்.

தம்பி அழுதான். நிஜமாகவே அழுதான், மூக்கு சிவந்தது. சமையலறைக் கத்தரியை எடுத்து வந்து என் கண் முன்னால் கார்டை இரண்டாக, நாலாக வெட்டினான். "இனி தொட்டா நான் உன் தம்பியே இல்லக்கா." அம்மா துண்டுகளைப் பொறுக்கி என் கையில் வைத்தாள், ஏதோ சீர் கொடுப்பதுபோல.

நானும் அழுதேன். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும். ஆடித் தொலைகிறது.

மார்ச் 17, திங்கள்

கம்பெனி அலுவலகம். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, கைரேகை, எல்லாம் கொடுத்த பிறகு நான் நான்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி கணக்கைத் திருப்பிக் காட்டினார்.

ஃபிரிட்ஜ் ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு ஓட்டல், போன், உடுப்பு, விமான டிக்கெட். ஜூஸ் கடைக்கு எதுக்கு விமானம்? மேகத்திலயா பழம் பறிக்கிறான்?

முதலில் எல்லாம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டியிருக்கிறான். அது வட்டியின் காலைக்கூட நனைக்கவில்லை. பிறகு அதுவும் இல்லை. தாமதக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு வரி, வரிக்கும் சேர்த்து வட்டி. வட்டி விகிதத்தையும் நடுவில் ஏற்றியிருக்கிறார்கள். கார்டின் வரம்பை இரண்டு முறை உயர்த்தினார்களாம். "உங்ககிட்ட சம்மதம் கேட்டோமே மேடம்." எங்கே கேட்டீர்கள்? "பதிவான எண்ணுல." அவன் சரி என்று அழுத்தியிருக்கிறான்.

மொத்தம் என் ஒரு வருஷச் சம்பளத்துக்கு மேல்.

அதிகாரி அம்மா குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. உங்களுக்குத் தெரியாம, உங்க அனுமதி இல்லாம எடுத்துட்டாருன்னு எழுதிக் குடுங்க. போலீஸ்ல ஒரு புகார். விசாரணை முடியற வரைக்கும் வட்டியை நிறுத்தி வைப்போம்."

"கார்டைக் குடுத்தது நான்தானேங்க. நம்பரை மாத்திக் குடுத்ததும் நான்தான்."

"நல்ல மனசு மேடம். வட்டி அதெல்லாம் பார்க்காது. வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 19, புதன்

கையெழுத்துப் போட்டால் அவன் உள்ளே. போடாவிட்டால் வண்டி போச்சு. இதிலே யோசிக்க என்ன இருக்கு என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது, அடுத்த நிமிஷம் அவன் மூக்கு சிவந்தது தோன்றுகிறது. அவரிடம் கேட்டேன். ஒரு கோபமாவது படுவார் என்று பார்த்தேன்.

"உன் தம்பி. நீ முடிவு பண்ணு" என்றார். பிறகு, "ஆனா பொய் எழுதிக் குடுத்து வாங்கின வண்டியில சவாரி ஏத்த எனக்கு வராது" என்றார். இந்த மனுஷன் என்னைத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 20, வியாழன்

வண்டிக்கு வைத்திருந்த முன்பணம் முழுவதையும் கட்டினோம். நிலுவை தீர்ந்தது, அசலில் கொஞ்சம் குறைந்தது. மீதி மாதத் தவணை, மூன்று வருஷம். வங்கியில் என் பெயர் சுத்தமாக இன்னும் பல மாதம் ஆகுமாம்.

கையெழுத்துப் போடாமலே படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் போன் நம்பரைப் பதிந்தேன். "இனிமே ரகசிய எண் உங்களுக்குத்தான் வரும். யாராவது மூணு தடவை தப்பா அடிச்சா கார்டு தானாப் பூட்டிக்கும்" என்றார் அதிகாரி அம்மா. நிலுவை கட்டியதால் கார்டு பழையபடி வேலை செய்யுமாம்.

"அதை நாலா வெட்டியாச்சுங்க" என்றேன்.

"கார்டை வெட்டினா நம்பர் சாகாது மேடம்" என்றார். கிளம்புகிற அவசரத்தில் அது என்னவென்று கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 31, திங்கள்

முதலாளி வண்டியை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, சொன்ன நாள் வரை காத்திருந்தார். இவர் சாவியைக் கொடுக்கும் முன் வண்டியைக் கழுவினார். சக்கரத்துக்கு உள்பக்கம் கூடக் கழுவினார். நான் சன்னலில் இருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன். நாளை முதல் ஒரு சரக்கு லாரி கம்பெனியில், சம்பளத்துக்கு டிரைவர்.

அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். "அதுவும் நல்லதுக்குத்தான். பழைய வண்டி, செலவு வைக்கும்" என்றாள். தம்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருக்கும் என்று நானே அவனுக்காகச் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 5, சனி

இன்று விடுமுறை. போன் என் கையிலேயே இருந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஒரு செய்தி. என் கார்டில் ஒரு ஷூ கடைக்கு. தொகை, இவருடைய ஒரு வாரச் சம்பளம். கீழே நாலு இலக்க ரகசிய எண். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒரு வரி.

முதலில் திருட்டு என்றுதான் பயந்தேன். எவனோ எங்கேயோ. பிறகு இன்னொரு செய்தி, அதே கடை, அதே தொகை, புது எண். யாரோ பொறுமையில்லாமல் மறுபடி அழுத்துகிறார்கள். தம்பிதான். அவன் போனில் கார்டு நம்பர் அப்படியே கிடக்கிறது. எண் அவனுக்கு வரும் என்று காத்திருக்கிறான். வரவில்லை.

போன் அடித்தது. அம்மா.

"உன் போனுக்கு ஏதோ நம்பர் வந்திருக்காமே. என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

"அவன் பக்கத்துல இருக்கானா?"

"இருக்கான். அவன்கிட்ட எதுக்கு இப்ப, பாவம், ஏற்கெனவே நொந்து போயிருக்கான். பழைய செருப்போட கடைக்குப் போறான். நாலு நம்பர்தானேடி. சொல்லிடேன்."

எனக்குக் கத்த வரும் என்று நினைத்தேன். வரவில்லை. குரல் ரொம்பச் சாதாரணமாக வந்தது.

"நாலு" என்றேன்.

"நாலு" என்று அம்மா அவனுக்குச் சொன்னாள்.

"ஒண்ணு."

"ஒண்ணு."

"ஏழு. ரெண்டு."

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம். "தப்புன்னு வருதாம்டி. கண்ணாடி போட்டுப் பாரு."

மறுபடி சொன்னேன். நாலு, ஒண்ணு, ஏழு, ரெண்டு. மறுபடி தப்பு. "என்னக்கா விளையாடறியா" என்று தூரத்தில் அவன் குரல். எத்தனை ஞாயிறு அந்த வண்டி நம்பரைத் தெருமுனையில் தேடி நின்று கூடை ஏற்றியிருப்பான்.

மூன்றாவது முறை இன்னும் நிதானமாகச் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றாக வாங்கிச் சொன்னாள். ஏழு வரை சொன்னவள் ரெண்டு சொல்லத் தயங்கினாள். பிறகு மெதுவாக, "ரெண்டு" என்றாள். அவன் தட்டினான்.

என் போனில் செய்தி வந்தது: உங்கள் கார்டு பூட்டப்பட்டுள்ளது.

அம்மா வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. பிறகு யாரோ வைத்தோம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

முதல் தவணை கட்டியாச்சு. அம்மா இதுவரை கூப்பிடவில்லை, நானும்.

வாசலில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். வேலைக்குப் போகும்போது அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போகிறார்.